காலம் காட்டாத வினை: வேதிவினையின் வெப்பமும் வேகமும்

பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும். வினைச்சொல் காலம் காட்டும். தொல்காப்பியம் தொடங்கி இன்றைய பள்ளி இலக்கணம் வரை மாறாது வரும் பாகுபாடு இது. பொருள்கள் தம்முள் கூடியும் பிரிந்தும் புதுப்பொருளாகும் நிகழ்ச்சிக்குத் தமிழில் அறிவியல் எழுதியோர் இந்த ‘வினை’ என்னும் சொல்லையே தேர்ந்தெடுத்தனர். ‘வேதிவினை’ என்பது இன்று பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த சொல். ஆயினும் இலக்கண வினைக்கும் வேதிவினைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வேதிவினைக்கு நாம் எழுதும் சமன்பாடு, இன்ன பொருள் இன்ன அளவில் சேரும், இன்ன பொருள் இன்ன அளவில் விளையும், இவ்வளவு வெப்பம் வெளிப்படும் என்றெல்லாம் கூறும். எவ்வளவு காலத்தில் நிகழும் என்பதை மட்டும் கூறாது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் வினைக்கும், தலைமுறை கடந்தும் முடியாத வினைக்கும் சமன்பாடு ஒரே வடிவில்தான் இருக்கும். அவ்வகையில் வேதிச் சமன்பாடு காலம் காட்டாத வினை எனலாம்.

மேல்நிலை வகுப்புகளில் வெப்ப இயக்கவியல் பதினோராம் வகுப்பிலும், வினைவேகவியல் பன்னிரண்டாம் வகுப்பிலும் தனித்தனிப் பாடங்களாக வைக்கப்பட்டுள்ளன. தனித்தனியே படித்துத் தனித்தனியே மதிப்பெண் பெறும் மாணவர் பலர் உள்ளத்தில், ‘வெப்பத்தை மிகுதியாக வெளியிடும் வினை விரைந்து நிகழும், வெப்பத்தை ஏற்கும் வினை மெதுவாக நிகழும்’ என்னும் எண்ணம் வேரூன்றி விடுகிறது. இவ்வெண்ணம் பிழையானது. தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும் பிழையும் அன்று; ஆலையிலும் கிடங்கிலும் அது உயிர்களோடு தொடர்புடையது. ஆதலின், வெப்பமும் வேகமும் வெவ்வேறு கணக்குகள் என்பதையும், அவை எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பதையும், நம் அனைவருக்கும் அறிமுகமான சுண்ணாம்பைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

சுண்ணாம்பின் மூன்று வினைகள்

சிமெண்ட் பரவலாவதற்கு முன் தமிழகத்தில் எழுந்த பள்ளிவாசல்கள், கோயில்கள், பாலங்கள், மாடிவீடுகள் ஆகியவை சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. கடற்கரை ஊர்களில் சிப்பியையும், உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லையும் காளவாயில் இட்டுச் சுட்டனர். சுட்டதை நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து அரைத்துப் பூசினர். இத்தொழிலுக்குள் மூன்று வேதிவினைகள் அடங்கியுள்ளன.

முதலாவது சுடுதல். சிப்பி, கல் இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அது சுட்ட சுண்ணாம்பாகிய கால்சியம் ஆக்சைடாகவும், கார்பன் டை ஆக்சைடு வளியாகவும் பிரிகிறது. ஒரு மோல், அதாவது 100 கிராம் கால்சியம் கார்பனேட் இவ்வாறு பிரிய 178 கிலோ ஜூல் வெப்பம் தேவை. இது வெப்பங்கொள் வினை.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு (178 கிலோ ஜூல் ஏற்பு)

இரண்டாவது நீற்றுதல். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீருடன் சேர்ந்து, கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் நீறிய சுண்ணாம்பு ஆகிறது. அப்போது 65 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. சட்டியில் நீர் கொதித்துக் குமுறுவதைப் பார்த்தோர் இது வெப்ப உமிழ் வினை என்பதை எளிதில் உணர்வர்.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு (65 கிலோ ஜூல் உமிழ்வு)

மூன்றாவது இறுகுதல். சுவரில் பூசிய நீறிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது, சிப்பியாக இருந்த பொருள் சுவராக மீள்கிறது. இவ்வினையில் ஒரு மோலுக்கு 113 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு + கார்பன் டை ஆக்சைடு → கால்சியம் கார்பனேட் + நீர் (113 கிலோ ஜூல் உமிழ்வு)

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நீற்றுதல் சில நிமிடங்களில் முடிந்து விடுகிறது. இறுகுதலோ மேற்பரப்பில் வாரக்கணக்கிலும், கனத்த சுவரின் உட்புறத்தில் பல்லாண்டுகளும் நீள்கிறது. ஆனால் வெளிப்படும் வெப்பமோ, விரைவான நீற்றுதலில் 65. மெதுவான இறுகுதலில் 113. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 1,160 கிலோ ஜூல். இழப்பு ஏதுமின்றி அது முழுவதும் நீருக்கே சென்றால், 30 பாகையிலுள்ள ஏறத்தாழ 4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதே சுண்ணாம்பு சுவரில் முழுமையாக இறுகி முடியும்போது ஏறத்தாழ 2,000 கிலோ ஜூல் வெளிவந்திருக்கும். அச்சுவரைத் தொட்டு ‘சுடுகிறது’ என்று சொன்னவர் யாருமில்லை. வெப்பம் குறைவு என்பதனால் அன்று. அது வெளிவரும் காலம் நீண்டது என்பதனால். வெப்பத்தின் அளவு வேறு, வினையின் வேகம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வழி மாறினும் கணக்கு மாறாது

மேற்கண்ட மூன்று எண்களையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். காளவாயில் ஏற்ற வெப்பம் 178. நீற்றுகையிலும் இறுகுகையிலும் திரும்பிய வெப்பம் 65 கூட்டல் 113. கூட்டினால் 178. ஏற்றது முழுவதும் திரும்பி விட்டது.

இது தற்செயல் அன்று. தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றாக இருப்பின், ஒரே படியில் சென்றாலும் பல படிகளில் சென்றாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்று 1840ஆம் ஆண்டில் ருஷ்யாவில் வாழ்ந்த வேதியியலார் ஹெஸ் நிறுவினார். ஹெஸ் விதியை நம் மாணவர் பெரும்பாலும் கார்பன் எரிதலைக் கொண்டு கற்கின்றனர். சுண்ணாம்பின் சுழற்சியும் அதே விதியின் விளக்கமே.

இவ்விதியின் உட்பொருளையும் நோக்க வேண்டும். அது தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. இடைப்பட்ட வழியையோ காலத்தையோ கேட்பதில்லை. வரவு செலவுக் கணக்கில் தொகை இருக்கும். பணம் ஒரே நாளில் வந்ததா, ஓராண்டில் வந்ததா என்பது மொத்தத் தொகையில் தெரியாது. வெப்பக் கணக்கும் அத்தகையதே.

வெப்பம் உமிழ்ந்தால்தான் வினை நிகழுமா?

வெப்பத்தை உமிழும் வினைகளே தாமாக நிகழும் என்னும் கருத்து ஒரு காலத்தில் வேதியியல் அறிஞரிடையேயும் இருந்தது. அது முழு உண்மையன்று. நவச்சாரம் என்று நாம் வழங்கும் அம்மோனியம் குளோரைடை நீரில் இட்டால் பாத்திரம் குளிர்கிறது. ஒரு மோலுக்கு ஏறத்தாழ 15 கிலோ ஜூல் வெப்பத்தைச் சூழலிலிருந்து ஏற்றுக்கொண்டே அது தானாகக் கரைகிறது. அதுவும் விரைவாகக் கரைகிறது. இங்கே வெப்பங்கொள் நிகழ்ச்சி ஒன்று, யாரும் அடுப்பேற்றாமலேயே நடந்து விடுகிறது. பொருள் ஒழுங்கிலிருந்து பரவல் நிலைக்குச் செல்வதை அளக்கும் ‘என்ட்ரோபி’ என்னும் அளவும் வெப்பத்தோடு சேர்ந்தே நிகழ்ச்சியின் திசையைத் தீர்மானிக்கிறது.

சுண்ணாம்புக் கல் பிரிவதும் இவ்வகையினதே. அறை வெப்பநிலையில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் சிப்பி சுட்ட சுண்ணாம்பு ஆகாது. அதனை மெதுவான வினை என்று கூறுதல் தவறு. அந்நிலையில் அது நிகழாத வினை. காளவாயின் வெப்பநிலையில், விளையும் வளி மேலெழுந்து வெளியேற, வினையின் திசை மாறுகிறது. ஆக, நிகழாமை என்பது ஒன்று. நிகழ்ந்தும் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான போக்கு என்பது மற்றொன்று. இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

வேகத்தின் கணக்கு

வெப்பக் கணக்கில் இல்லாத காலம் எங்கிருந்து வருகிறது? மூலக்கூறுகள் வினைபுரிய வேண்டுமாயின் அவை ஒன்றோடொன்று மோத வேண்டும். ஆனால் மோதுவன எல்லாம் வினைபுரிவதில்லை. பழைய பிணைப்பு தளர்ந்து புதிய பிணைப்பு உருவாகும் இடைநிலையை எட்டுவதற்கு ஒரு குறைந்த அளவு ஆற்றல் தேவை. இதுவே கிளர்வு ஆற்றல். மலையின் இருபுறத்தும் இரண்டு ஊர்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு ஊர்களின் உயர வேறுபாடு வெப்ப மாற்றம். இடையிலுள்ள கணவாயின் உயரம் கிளர்வு ஆற்றல். அடுத்த ஊர் எவ்வளவு தாழ்வில் இருந்தாலும், கணவாய் உயரமானதாயின் கடந்து செல்வோர் சிலரே.

1889ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் இக்கருத்தை ஒரு சமன்பாடாக அமைத்தார். அதனைக் கொண்டு ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோ ஜூல் என்போம். 27 பாகை செல்சியஸில், நூறு கோடி மோதல்களுள் தேவையான ஆற்றலுடன் நிகழ்பவை ஏறத்தாழ 2 மட்டுமே. வெப்பநிலையை 37 பாகைக்கு உயர்த்தினால் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 4 ஆகிறது. பத்துப் பாகை உயர்வில் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்று பாடநூல் கூறுவதன் பொருள் இதுவே.

இதற்கு மாணவர் பலர் எழுதும் விடை, ‘வெப்பநிலை உயர்ந்தால் மூலக்கூறுகள் விரைந்து ஓடுகின்றன, அதிகமாக மோதுகின்றன, ஆகவே வேகம் கூடுகிறது’ என்பது. அது பாதி விடையே. இந்தப் பத்துப் பாகை உயர்வில் மூலக்கூறுகளின் சராசரி விரைவு இரண்டு விழுக்காடு கூட உயர்வதில்லை. இரண்டு விழுக்காடு மோதல் மிகுந்தால் வேகம் எவ்வாறு இருமடங்காகும்? உயர்ந்தது மோதலின் எண்ணிக்கை என்பதைவிட, கணவாயைக் கடக்க வல்ல மோதல்களின் விகிதம் என்பதே சரி. எல்லா மோதல்களும் சற்றே வலுப்பெறும்போது, தகுதி பெற்ற அந்தச் சில மோதல்கள் இரட்டிப்பாகி விடுகின்றன.

ஒரே வினை, பல வேகங்கள்

மீண்டும் சுண்ணாம்புக்கு வருவோம். சுவரில் ஆண்டுக்கணக்கில் நிகழும் இறுகுதல் வினையை, எட்டாம் வகுப்பு மாணவரும் ஆய்வகத்தில் நொடிகளில் நிகழ்த்திக் காட்டுவர். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வழியே ஊதினால் அது பால்போல் வெண்மையாகிறது. சமன்பாடு அதுவே, விளைபொருள் அதுவே. காலம் மட்டும் வேறு. ஏன்?

முதற் காரணம் செறிவு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 0.04 விழுக்காடே உள்ளது. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு, நூறு மடங்கு. இரண்டாவது, பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்பு. ஊதும்போது குமிழிகள் நீர் முழுவதும் பரவுகின்றன. சுவரிலோ வளி நுண்துளைகளின் வழியே உட்புகுந்து செல்ல வேண்டும். வெளியே இறுகிய அடுக்கே உள்ளே செல்லும் வழியைக் குறுக்குகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பை மூடாமல் வைத்தால் மேலே ஏடு படர்ந்து, அடியில் அது நெடுநாள் குழைவாக இருப்பதும் இதனாலேயே. மூன்றாவது ஈரம். இவ்வினை நீரில் கரைந்த நிலையிலேயே நன்கு நடைபெறும். அறவே உலர்ந்த காரையில் அது மிக மந்தமாகிறது. துளைகளெல்லாம் நீர் நிறைந்து விட்டால் வளி புக வழியின்றியும் தடைப்படுகிறது. பூசிய சுவரை விரைவில் காய விடாது அளவாக ஈரப்படுத்தி வந்த கொத்தனார்கள் இவ்வினையின் வேகத்தை அனுபவத்தால் ஆண்டவர்கள்.

நான்காவது காரணி வினையூக்கி. ‘கேட்டலிசிஸ்’ என்னும் பெயரை 1835இல் பெர்சிலியஸ் வழங்கினார். வினையூக்கி வெப்பக் கணக்கில் ஒரு காசையும் மாற்றுவதில்லை; கணவாய் தாழ்வாக உள்ள வேறொரு வழியைத் திறந்து விடுகிறது. கிளர்வு ஆற்றல் 50லிருந்து 40 கிலோ ஜூலாகக் குறைந்தால், 27 பாகையில் வேகம் ஏறத்தாழ 55 மடங்காகிறது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா உண்டாகும்போது 92 கிலோ ஜூல் வெளிப்படுகிறது. வெப்ப உமிழ் வினையாக இருந்தும், இரண்டு வளிகளையும் அறை வெப்பநிலையில் கலந்து வைத்தால் எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியாது. வெப்பநிலையை மிக உயர்த்தினால் வேகம் கூடும். ஆனால் உமிழ் வினையாதலின் அம்மோனியாவின் விளைச்சல் குறையும். 1909இல் ஹேபர் ஆய்வகத்தில் வழி கண்டார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் பாஷ் அதனை ஆலைத்தொழில் ஆக்கினார். இரும்பு வினையூக்கி, உயர் அழுத்தம், 400 முதல் 500 பாகை வரையிலான வெப்பநிலை ஆகியவை, வெப்பக் கணக்கையும் வேகக் கணக்கையும் ஒருங்கே வைத்துக் கண்ட சமரசம். இன்று உலகின் உர உற்பத்தி இச்சமரசத்தின் மீது நிற்கிறது.

இரு கணக்கும் தொடும் இடம்

வெப்பமும் வேகமும் வேறு என்றோம். ஆனால் ஓரிடத்தில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன. உமிழப்படும் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கினால் வெப்பநிலை உயரும். வெப்பநிலை உயர்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வெப்பம் இன்னும் விரைவாக வெளிப்படும். இச்சுழல் கட்டுக்கடங்காது போகலாம்.

வீட்டளவில் இதற்கு நீற்றுதலே சான்று. மிகுதியான நீரில் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். மாறாக, சுண்ணாம்புக் குவியலின் மீது சிறிது நீரைத் தெளித்தால், வெப்பத்தை ஏற்க நீர் போதாமல் அது ஆவியாகிச் சுண்ணாம்பைத் தெறிக்கச் செய்யும். காரத்தன்மை உடைய அத்தெறிப்பு கண்ணைக் கெடுக்க வல்லது.

ஆலையளவில் இதற்குச் சான்று போபால். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் எண் கலனில் 40 டன் அளவில் மீத்தைல் ஐசோசயனேட் இருந்தது. அதன் கொதிநிலை 39 பாகை மட்டுமே. கலனுக்குள் நீர் புகுந்தது. நீருடன் அது புரியும் வினை வெப்ப உமிழ் வினை. கலனைக் குளிர்விக்கும் அமைப்பு சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. தொடக்கத்தில் மெதுவாக இருந்த வினை, தன் வெப்பத்தாலேயே தன் வேகத்தைப் பெருக்கிக்கொண்டது. அழுத்தம் உயர்ந்து வெளியேறிய நச்சு வளி, உறங்கிக் கிடந்த மக்களுள் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது.

2020 ஆகஸ்ட் 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுகத்தில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே ஒரு கிடங்கில் ஆறாண்டுகள் அளவில் அசைவின்றிக் கிடந்தது. கணவாயின் உயரம் அதனைக் காத்து வந்தது. தீ அக்கணவாயை ஏற உதவியதும் அவ்வளவு ஆற்றலும் நொடிகளில் வெளிப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆறாண்டுகள் ஒன்றும் நிகழவில்லை என்பது ஆற்றல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலரில் இச்செய்தியை எழுத நமக்கு ஒரு காரணமுண்டு. மேற்சொன்ன பிழையெண்ணத்துக்குச் சொல்லும் ஒரு காரணமாகிறது. பாடநூல் ‘தன்னிச்சை நிகழ்வு’ என்கிறது. புற உதவியின்றி எத்திசையில் செல்ல இயலும் என்பதே அதன் பொருள். மாணவரோ ‘தானாக, உடனே நிகழ்வது’ என்று கொள்கின்றனர். வைரம் கரியின் மற்றொரு வடிவமாகிய கிராபைட்டாக மாறுவது அறை வெப்பநிலையில் தன்னிச்சை நிகழ்வே; எனினும் எந்த மோதிரத்திலும் வைரம் கரியானதை யாரும் கண்டதில்லை. ‘தன்னிச்சை’ என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இது திசையைச் சொல்லும் சொல், காலத்தைச் சொல்லும் சொல் அன்று’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வாராயின் பெரும்பயன் விளையும்.

இலங்கைத் தமிழர் தம் பாடநூல்களில் வினையைத் ‘தாக்கம்’ என்பர். வெப்ப உமிழ் வினையைப் ‘புறவெப்பத் தாக்கம்’ என்றும், கிளர்வு ஆற்றலை ‘ஏவற் சக்தி’ என்றும் வழங்குவர். ‘ஏவல்’ என்னும் சொல், தூண்டித் தொடங்கி வைத்தல் என்னும் கருத்தை அழகுற உணர்த்துகிறது. இரு நாட்டுச் சொற்களையும் மாணவர் அறிந்திருப்பது கருத்துத் தெளிவுக்கு உதவும்.

பிறமொழிச் சொற்களின் வழியும் வரலாறு பேசும். காரத்தைக் குறிக்கும் ‘அல்கலி’ என்னும் சொல், செடியின் சாம்பலைக் குறித்த ‘அல்-கலி’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்கள் நவச்சாரத்தை ‘நூஷாதிர்’ என்று சிறப்பித்துப் பேசுகின்றன. அர்-ராஸி பொருள்களை வகைப்படுத்தி, ஆய்வகக் கருவிகளையும் விளக்கி எழுதினார். செய்து பார்த்து, பெயரிட்டு, வகைப்படுத்திய அம்மரபு, அரபும் தமிழும் பயிலும் நம் மாணவர்க்கு அயலானதன்று. அதனை மனப்பாடத்தோடு நிறுத்திவிடுதல் அம்மரபுக்குப் பெருமை சேர்க்காது.

நிறைவாக, எந்தச் சமன்பாட்டை எழுதினாலும் அதனடியில் மூன்று வினாக்களை எழுதிக்கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறோம். இந்நிலையில் இது நிகழக்கூடியதா? நிகழ்ந்தால் எவ்வளவு வெப்பம் மாறும்? எவ்வளவு காலத்தில் நிகழும்? முதலிரண்டுக்கும் விடை வெப்ப இயக்கவியலில் கிடைக்கும். மூன்றாவதன் விடையைச் சோதனையால் அளந்தே பெற வேண்டும். சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. இம்மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிய மாணவர், நாளை ஆய்வகத்திலோ ஆலையிலோ கிடங்கிலோ பொறுப்பேற்கும்போது, அமைதியாக இருக்கும் ஒரு கலனைக் கண்டு அதனுள் ஆற்றல் ஏதுமில்லை என்று எண்ணி ஏமாற மாட்டார்.